ஒரு குழிக்கு ரெண்டு

மாப்பிள்ளை: …அப்புறம் வால்வைத் திறந்தா தண்ணி வரல அத்தை. இலை வருது.

அத்தை: என்ன இலை?

மாப்பிள்ளை: இந்த மரத்து இலைதான். பச்சையா, ஈரமா… குழாய் வழியா வந்துக்கிட்டே இருக்கு. தெருவுல எல்லாரும் வரிசையா நின்னு குடத்துல பிடிச்சுக்கறாங்க. ஒருத்தரும் என்னைத் திட்டல.

அத்தை: திட்டலைன்னதுமே தெரிஞ்சிருக்கணுமே, கனவுன்னு.

மாப்பிள்ளை: தெரிஞ்சுதான் முழிச்சுட்டேன்.

அத்தை: எவ்வளவு நேரம் தூங்கினீங்க தெரியுமா? நான் மூணு வரிசை முடிச்சாச்சு.

மாப்பிள்ளை: என்ன வரிசை?… கையில என்ன, பெயிண்டா?

அத்தை: பெயிண்ட்தான். காலை நீட்டி டப்பாவைத் தட்டி விட்டுறாதீங்க.

மாப்பிள்ளை: சிவப்பு எதுக்கு மரத்துக்கு?

அத்தை: பூச்சி ஏறாம இருக்க.

மாப்பிள்ளை: பூச்சிக்கு வெள்ளைதானே அடிப்பாங்க?

அத்தை: கடையில வெள்ளை இல்ல… நீங்க படுங்க மாப்ள. எட்டு நாளா தூங்காத மூஞ்சி.

மாப்பிள்ளை: எங்க… வேலையில இருந்தவரைக்கும் வால்வைப் பிடிச்சுக்கிட்டு நின்னுக்கிட்டே தூங்குவேன். சஸ்பெண்ட் ஆனதுக்கு அப்புறம் படுத்துத் தூங்கறேன். ஒரு வகையில முன்னேற்றம்தான்.

அத்தை: பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்ல.

மாப்பிள்ளை: அத்தை… இந்த மரத்துல காதை வச்சா என்னமோ கேக்குது.

அத்தை: என்ன கேக்குது?

மாப்பிள்ளை: ரொம்ப மெதுவா… பக்கத்து ரூம்ல யாரோ தண்ணி குடிக்கிற மாதிரி.

அத்தை: குடிக்குதுதான். வெயில் ஏற ஏறக் குடிக்கும். மூணு மணிக்கு மேல கொஞ்சம் அடங்கும். பதிமூணு வருஷமா இந்த மலைக்குக் காவல் இருந்து கேட்டுக்கிட்டிருக்கேன், எனக்கு அதான் தாலாட்டு.

மாப்பிள்ளை: ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கும்?

அத்தை: இந்த வயசு மரத்துக்கு ரெண்டு குடம்னு நம்ம தண்ணி ஆபீஸ்ல சொன்னாங்க.

மாப்பிள்ளை: ஓ… நம்ம வீட்டுக்கு எட்டு நாளைக்கு ஒரு தடவை ஆறு குடம். சும்மா சொன்னேன். குத்திக் காட்டறதுக்கு இல்ல அத்தை.

அத்தை: குத்தினா குத்துங்க. குத்த வேண்டிய இடம்தான்… நானும் ஒரு கனவு கண்டேன், நேத்து. இந்த மரமெல்லாம் மலையை விட்டு இறங்கி உங்க தெருவுக்கு வருது. ஆளுக்கொரு குடத்தை வச்சுக்கிட்டு குழாயடியில நிக்குது. யாருக்கும் முந்திக்கத் தெரியல. முன்னாடி நிக்கிறது பின்னாடி இருக்கறதைப் பாத்து, “நீங்க பிடிங்க, நான் அப்புறம் பிடிக்கறேன்”னு சொல்லுது.

மாப்பிள்ளை: நம்ம தெருவுல அப்படி ஒரு வரிசையா… அத்தை, அது கனவுலயும் நடக்காது.

அத்தை: போன் அடிக்குது பாருங்க. என்னோடது. என் கை பூரா பெயிண்ட், நீங்களே எடுத்து ஸ்பீக்கர்ல போடுங்க.

மகள்: அம்மா, அவர் அங்கதானே இருக்காரு?

மாப்பிள்ளை: இல்லைன்னா நம்புவியா?

மகள்: மலை மேல ஏறி மல்லாந்து படுத்திருப்பீங்கன்னு தெரியும். நாலு மணிக்கு விசாரணை. சட்டையை இஸ்திரி போட்டு வச்சுட்டு நான் வாசலைப் பாத்துக்கிட்டு நிக்கறேன்.

மாப்பிள்ளை: வந்துடறேன்மா. மணி ரெண்டுகூட ஆகல.

மகள்: உங்களுக்கு ஆகல. எனக்கு எட்டு நாளா ஒவ்வொரு நிமிஷமும் நாலு மணிதான். அம்மா, கேக்குதா? எதிர்வீட்டுக்காரி என் மூஞ்சிக்கு நேராக் கதவைச் சாத்தறா. “உன் வீட்டுக்காரன் எங்க தண்ணியை லாரிக்கு வித்துட்டான்”னு குழாயடியில சத்தமாவே பேசறாங்க. காலிக் குடத்தைத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன்.

அத்தை: நீ ஒண்ணும் சொல்லலையா?

மகள்: நான் என்னம்மா சொல்ல? சொல்ல வேண்டியவங்க வாயில என்னத்தையோ வச்சுக்கிட்டு மென்னு முழுங்கறாங்க.

மாப்பிள்ளை: ஏய், ஸ்பீக்கர்ல இருக்க.

மகள்: தெரிஞ்சுதான் சொல்றேன். அம்மா, நீயாவது அவர்கிட்ட கேளு. இந்த வேலை போச்சுன்னா குட்டியோட பள்ளிக்கூடம் என்னாகும், வீடு என்னாகும்னு கேளு.

மாப்பிள்ளை: சிக்னல் போகுதும்மா… சரியா கேக்கல…

மகள்: சிக்னல் நல்லாதான் இருக்கு.

மாப்பிள்ளை: வச்சுட்டா.

அத்தை: கோபம் வந்தா அவ அப்பா மாதிரி. பேச்சை முடிக்கவே மாட்டா, வெட்டிடுவா… மாப்ள.

மாப்பிள்ளை: ம்.

அத்தை: கேட்டுடறேன். வித்தீங்களா?

மாப்பிள்ளை: வித்தேன்.

அத்தை: வாய் கூசலையா சொல்றதுக்கு?

மாப்பிள்ளை: கூசுது. அதான் மெதுவாச் சொன்னேன்.

அத்தை: யாருக்கு வித்தீங்க?

மாப்பிள்ளை: ஒரு தண்ணி லாரிக்காரனுக்கு.

அத்தை: எப்போ வருவான்?

மாப்பிள்ளை: விடியக்காலைல. அஞ்சு மணி வாக்குல.

அத்தை: எந்த வழியா?

மாப்பிள்ளை: டேங்குக்குப் பின்னாடி ஒரு பாதை இருக்குல்ல…

அத்தை: அதுலதான் பாறை விழுந்து கிடக்கே. ரெண்டு வருஷமா ஒரு சைக்கிள் போகல.

மாப்பிள்ளை: சின்ன லாரி.

அத்தை: சைக்கிளை விடச் சின்னதா?

மாப்பிள்ளை: லாரியை இந்தப் பக்கமே நிறுத்திட்டு… ஹோஸை நீட்டுவோம்.

அத்தை: ம்… லாரி என்ன நிறம்?

மாப்பிள்ளை: நீலம்.

அத்தை: ஆள் எப்படி இருப்பான்?

மாப்பிள்ளை: குண்டா… வழுக்கை… கண்ணாடி போட்டுக்கிட்டு, பேனாவைக் காதுல சொருகியிருப்பான்.

அத்தை: அது உங்க ஆபீஸ் எஞ்சினியர்.

மாப்பிள்ளை: … ஒரே மாதிரி ரெண்டு பேர் இருக்கக் கூடாதா அத்தை?

அத்தை: பச்சைக் குழந்தை கூட இதைவிட நல்லாப் பொய் சொல்லும். எட்டு வருஷமா வால்வு திறக்கறீங்க. உங்க வீட்டுக் குழாய்க்கு ஒரு நாளாவது ஒரு நிமிஷம் கூட விட்டிருக்கீங்களா? அதுக்கே என் பொண்ணு உங்ககிட்ட எத்தனை நாள் பேசாம இருந்திருக்கா. நீங்க லாரிக்கு வித்தீங்களாம், நான் நம்பணுமாம்.

மாப்பிள்ளை: நம்பினா நல்லது.

அத்தை: யாருக்கு நல்லது?

மாப்பிள்ளை: எல்லாருக்கும்.

அத்தை: அதான் எழுதியும் குடுத்துட்டீங்க.

மாப்பிள்ளை: … யார் சொன்னா?

அத்தை: காலைல ஆபீஸுக்குப் போயிருந்தேன். எஞ்சினியர் மேசை மேல இருந்துச்சு. “தெருவுக்கு வர வேண்டிய தண்ணியை வெளியே எடுத்துக் குடுத்தவன் நான்தான்.” நேத்துத் தேதி. கீழ கையெழுத்து.

மாப்பிள்ளை: அவகிட்ட சொல்லிட்டீங்களா?

அத்தை: சொல்லியிருந்தா போன்ல பேசியிருப்பாளா? நேரா இங்க வந்து பெயிண்ட் டப்பாவை உங்க தலையில கவுத்திருப்பா… எதுக்கு எழுதினீங்க?

மாப்பிள்ளை: யாராவது ஒரு ஆள் எடுத்திருக்கணுமே அத்தை. அவங்க கணக்கு அப்படி. இவ்வளவு மழை, இவ்வளவு மலை, மூவாயிரம் மரம்… அது குடிச்சது போக, தெரு டேங்குக்கு வர்ற ஊத்துல இவ்வளவு தண்ணி வரணும். வர்றது அதுல பாதி. மீதி எங்க? மரம் எவ்வளவு குடிக்கும்னு அவங்களுக்குத் தெரியும், அதனால மரம் குடிக்கல. அப்போ மனுஷன்தான். மனுஷன்னா டேங்குச் சாவி வச்சிருக்கறவன்.

அத்தை: இல்லைன்னு சொல்லிட்டுப் பேசாம இருந்திருக்கலாமே. அவங்ககிட்ட என்ன சாட்சி இருக்கு?

மாப்பிள்ளை: இல்லைன்னு சொன்னா அடுத்து என்ன செய்வாங்க? மலைக்கு வருவாங்க. எண்ணிப் பாப்பாங்க…

அத்தை: எண்ணினா என்ன?

மாப்பிள்ளை: எண்ணினா… கால் வலிக்கும். பெரிய மலை.

அத்தை: மாப்ள, நீங்க எண்ணியிருக்கீங்க.

மாப்பிள்ளை: நான் எதுக்கு எண்ணப் போறேன்? நான் இங்க வந்தா தூங்குவேன்.

அத்தை: படுத்துக்கிட்டே எண்ணியிருக்கீங்க. மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கு.

மாப்பிள்ளை: அத்தை, நீங்க போட்ட பெயிண்டைப் பாத்தேன். பூச்சிக்குன்னா ரெண்டுக்கும்தான் அடிக்கணும். ஜோடி ஜோடியா நிக்கிறதுல ஒண்ணுக்கு மட்டும் வளையம் போட்டிருக்கீங்க. பூச்சி ஒரு மரத்துல ஏறிட்டு இன்னொண்ணைக் கண்டுக்காமப் போயிடுமா?

அத்தை: பாத்துட்டீங்களா?

மாப்பிள்ளை: முழிச்சதுமே பாத்தேன். கேக்க பயமா இருந்துச்சு.

அத்தை: வெட்டறதுக்குத்தான்.

மாப்பிள்ளை: வேண்டாம் அத்தை.

அத்தை: உக்காருங்க. உக்காருங்க மாப்ள, கையை விடுங்க, பிரஷ் உங்க சட்டையில படுது… இது மொட்டை மலையா இருந்தப்போ நீங்க பாத்திருக்க மாட்டீங்க. நிழலுக்கு ஒரு குடையை மண்ணுல நட்டு வச்சுக்கிட்டுக் குழி தோண்டினேன். மழை பேஞ்சா ஒரு மணி நேரம் சேறா ஓடும், அப்புறம் ஆறு மாசம் ஒண்ணும் வராது. மூவாயிரம் குழி. ஒரு குழிக்கு ரெண்டு கன்னு வைக்கச் சொன்னாங்க ஆபீஸ்ல. இந்த வெயிலுக்குப் பாதி பட்டுப்போகும், ரெண்டு வச்சா ஒண்ணாவது நிக்கும்னு அவங்க கணக்கு. பட்டுப்போகாம ரெண்டும் நின்னா, ரெண்டாவது வருஷம் நோஞ்சானைப் பிடுங்கிடணும்.

மாப்பிள்ளை: தெரியும்… அதாவது, எல்லா இடத்துலயும் அப்படித்தான் வைப்பாங்களாம்.

அத்தை: ஒண்ணுகூடப் படல. நான் படவிடல. நானும் என் பொண்ணும் விடியறதுக்குள்ள குடத்துல சுமந்து சுமந்து ஊத்தினோம். எதிர்வீட்டுக்காரிகிட்ட கடன் வாங்கின குடம் வேற. ரெண்டாவது வருஷம் ஆறாயிரமும் இடுப்பு உயரத்துக்கு நிக்குது. பிடுங்கறதுக்கு ஆபீஸ்ல இருந்து ஒரு கூலி ஆளை அனுப்பினாங்க. என்னை நம்பல போல, நான் பிடுங்க மாட்டேன்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு.

மாப்பிள்ளை: … பிடுங்கினானா?

அத்தை: அந்தச் சமயம் பாத்து எனக்குக் கண் ஆபரேஷன். டவுன் ஆஸ்பத்திரியில பத்து நாள் கட்டோட கிடந்தேன். ஒவ்வொரு நாளும் மனசுக்குள்ள பிடுங்கற சத்தம் கேக்கும். திரும்பி வந்து கட்டுப் பிரிச்ச கண்ணோட நேரா இங்கதான் ஏறினேன். ஒரு கன்னு குறையல. ஆனா ஆபீஸ் பேப்பர்ல பிடுங்கியாச்சுன்னு கையெழுத்து. பய வேலையைச் செய்யாம கூலியை வாங்கிக்கிட்டுக் கம்பி நீட்டிட்டான். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? தனியா நின்னு சிரிச்சேன். பேப்பர்ல மூவாயிரம், மலையில ஆறாயிரம். பதினொரு வருஷம் வாயைத் திறக்கல. அவன் யாரோ, நல்லா இருக்கட்டும்னு தினமும் நெனச்சுக்குவேன். இந்த எட்டு நாளா அவன் கையில கிடைச்சா கழுத்தை நெரிக்கலாம் போல இருக்கு.

மாப்பிள்ளை: இருமல் வருது அத்தை. தண்ணி இருக்கா?

அத்தை: அந்த பாட்டில்ல இருக்கு. மெதுவாக் குடிங்க… முதல் அஞ்சு வருஷம் ஊத்து பொங்கி வந்துச்சு. தெருவே என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுச்சு. அப்புறம் மரம் பெருசாகப் பெருசாக ஊத்து இறங்கிக்கிட்டே போச்சு. வெயில், மழை இல்ல, காலம் கெட்டுப்போச்சுன்னு நான் மனசைத் தேத்திக்கிட்டேன். நெஞ்சுக்குள்ள தெரியும்.

மாப்பிள்ளை: தெரிஞ்சா என்ன? நமக்கு மட்டும்தானே தெரியும். விட்டுருங்க அத்தை. எனக்கு இந்த வேலை இல்லைன்னா இன்னொரு வேலை. வண்டி ஓட்டுவேன். வெளியூர் போயிடுவோம். நாலு பேர் நாலு நாள் திட்டுவாங்க, மறந்துடுவாங்க. மரத்தை வெட்டினா திரும்பி வருமா?

அத்தை: திருடன்ங்கற பேர் போகுமா?

மாப்பிள்ளை: பேர்தானே.

அத்தை: குட்டி பள்ளிக்கூடத்துல அந்தப் பேரைத்தான் சுமந்துக்கிட்டுத் திரியும்.

மாப்பிள்ளை: … தெருக்காரங்களைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. மரம்தான் குடிக்குதுன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தா போதும், கோடாலியை எடுத்துக்கிட்டு ஏறுவாங்க. பாதியோட நிறுத்த மாட்டாங்க. மலையை மழிச்சுட்டுத்தான் இறங்குவாங்க. அப்புறம் பழையபடி சேறுதான் வரும்.

அத்தை: அதுக்குத்தான் வளையம். மூணு வருஷத்துல வெட்டணும், மேல இருந்து ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை. நான் சிவப்பு போட்டதை மட்டும். தூர்ல தளிர் விட்டா அதையும் கிள்ளணும். நிக்கிற மரத்துக்குக் கீழ வெயில் விழும், புல்லு வரும். மண்ணும் நிக்கும், தண்ணியும் இறங்கும். எல்லாத்தையும் எஞ்சினியர்கிட்ட பேசியாச்சு.

மாப்பிள்ளை: பேசியாச்சா?

அத்தை: பின்ன காலைல எதுக்குப் போனேன்? எழுதிக் குடுத்துட்டேன். ஆறாயிரம் மரம், பதினொரு வருஷம், மறைச்சது நான். என் பேப்பரை ஒரு கையிலயும் உங்க பேப்பரை ஒரு கையிலயும் வச்சுக்கிட்டு மனுஷன் திருதிருன்னு முழிக்கிறாரு. “ஒரு தண்ணிக்கு ரெண்டு திருடங்களாம்மா?”ங்கறாரு.

மாப்பிள்ளை: உங்களை என்ன செய்வாங்க?

அத்தை: வேலையை விட்டு எடுப்பாங்க. அவரே வாய்விட்டுச் சொல்லல, ஆனா என்னைப் பாக்காம ஜன்னலைப் பாத்துக்கிட்டுப் பேசினாரு. வளையம் போட்டு முடிக்கிறவரைக்கும் நீங்கதான் இருக்கணும்னாரு. அது போதும் எனக்கு.

மாப்பிள்ளை: எவ்வளவு போட்டிருக்கீங்க?

அத்தை: நூத்திமுப்பது. அழுதுக்கிட்டே போட்டேன், நீங்க தூங்கினதால பரவால்ல.

மாப்பிள்ளை: எதுன்னு எப்படி முடிவு பண்றீங்க?

அத்தை: நிழல்ல ஒதுங்கி நிக்கிறதைப் பாப்பேன். கூடு இருக்கான்னு பாப்பேன். கூடு இருந்தா அதை விட்டுட்டு மத்ததுக்கு அடிப்பேன்.

மாப்பிள்ளை: ரெண்டுலயும் கூடு இருந்தா?

அத்தை: நாளைக்குப் பாத்துக்கலாம்னு அடுத்த குழிக்குப் போயிடுவேன்.

மாப்பிள்ளை: அப்படி எத்தனை விட்டிருக்கீங்க?

அத்தை: நிறைய… குடுங்க அந்த பாட்டிலை. எனக்கும் தொண்டை வறண்டு போச்சு.

மாப்பிள்ளை: இந்தாங்க.

அத்தை: எப்படி சத்தமே இல்லாம இருக்கு பாருங்க. காத்து நின்னா இந்த மலை தூங்கற மாதிரி இருக்கும். வெளிச்சம் மட்டும் தரையில அசையும், எதனால அசையுதுன்னே தெரியாது… பாதி போனதுக்கு அப்புறமும் இப்படி இருக்குமா மாப்ள?

மாப்பிள்ளை: இருக்கும் அத்தை. வெளிச்சம் கொஞ்சம் கூட இருக்கும்.

அத்தை: நீங்க நல்லவர். என் பொண்ணு திட்டினாலும்… சரி, ஒண்ணு கேக்கறேன். இந்தத் தடவை லாரி விடாதீங்க.

மாப்பிள்ளை: கேளுங்க.

அத்தை: ஒவ்வொரு குழியிலயும் ரெண்டுன்னு யாருக்கும் தெரியாது. கீழ இருந்து பாத்தா ஒரே பச்சை, பக்கத்துல வந்தாலும் ரெண்டு தூரும் ஒட்டிக்கிட்டுத்தான் கிடக்கும். ஆபீஸ்காரங்களே ஏமாந்துட்டாங்க. என் பொண்ணு உங்களைக் குழாயடியிலதான் முதல்ல பாத்தேன்னா. நீங்களும் பொண்ணு கேக்க வந்தப்போ, இந்த மலைப் பக்கமே வந்ததில்லைன்னீங்க. அப்புறமும் இங்க வந்தா படுத்துத் தூங்கறதோட சரி. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? எப்போ எண்ணினீங்க?

மாப்பிள்ளை: … எண்ணல அத்தை. எண்ண வேண்டிய அவசியமே இல்ல. அந்தக் கூலி ஆள் நான்தான். முதல் குழியில குனிஞ்சு கன்னுல கையை வச்சேன், பின்னாடி குடத்தோட வந்து நின்னு, “இதுல எது நோஞ்சான், சொல்லுங்க பாக்கலாம்”னா உங்க பொண்ணு. பாத்தேன்… ரெண்டும் ஒரே உயரம். தெரியலையேன்னேன். “தெரியற வரைக்கும் பிடுங்காதீங்க”ன்னு சொல்லிட்டு ரெண்டுக்கும் தண்ணி ஊத்த ஆரம்பிச்சுட்டா. அந்தப் பத்து நாளும் அவளோட சேந்து நானும் குடம் சுமந்தேன். பத்தாம் நாள், பிடுங்கியாச்சுன்னு கையெழுத்தைப் போட்டுட்டு இறங்கிட்டேன். உங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னு அவ சத்தியம் வாங்கிக்கிட்டா… நாலு மணிக்கு நீங்க மட்டும் எழுந்து பேசாதீங்க அத்தை. தெருத்தண்ணியை எடுத்துக் குடுத்தவன் நான்தான்னு எழுதினேன்ல… அது பொய்யில்ல.